அம்மாவின் குரலும் சவுண்ட் கார்டும்

என் தங்கை என்னோடு ஏழு மாதம் சரியாகப் பேசவில்லை. சொத்துத் தகராறு இல்லை. கல்யாண வீட்டில் மரியாதை குறைந்த கதையும் இல்லை. நொடிக்கு 3,900 எண்கள் கணக்கில் விட்டுப்போனதுதான் காரணம். சிரிக்க வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம். பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே இருக்கிற ஊர். தெற்கே பார்த்தால் மலை, ஊருக்குள் பார்த்தால் மார்க்கெட். காந்தி மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகளை எண்ணிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா மார்க்கெட்டில் தக்காளியும் முருங்கைக்காயும் எடுத்துச் சில்லறைக்கு விற்று எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கினார். அந்த இரைச்சலில் பேரம் பேசிப் பேசியே அம்மாவுக்குக் கணீரென்ற குரல் வந்துவிட்டது. பேச்சில் வேகமும் அதிகம். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும்.

நான் 1973-இல் தபால் தந்தித் துறையில் சேர்ந்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. எண்பதுகளில் பெரும்பகுதி கொடைக்கானலில் கழிந்தது. கூப்பிடு தூரத்தில் மலை என்று சொன்னாலும், பஸ்ஸில் சுற்றிக்கொண்டு வர அரை நாள் ஆகும். மாதம் ஒருமுறை வந்தால் அதிகம். மற்ற நாட்களில் அம்மா மார்க்கெட்டில் ஒரு மண்டிக்காரர் கடையிலிருந்து போன் பண்ணுவார். ‘சாப்பிட்டியா, குளிருக்குக் கம்பளி இருக்கா’ என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார்.

தங்கை உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள். இரண்டு தெரு தள்ளி வீடு. அம்மாவின் கடைசி நான்கு வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டது அவள்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

1986-இல் தங்கைக்கு மூத்த பிள்ளை பிறந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் ஒரு டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்தது. எங்கள் வீட்டு கரண்டை நம்ப முடியாது என்பதால் கட்டை பேட்டரி போட்டு, ஒரு அறுபது நிமிடக் கேசட்டைச் செருகி அம்மா முன்னால் வைத்தேன். முதலில் வெட்கப்பட்டார். பிள்ளை அழ ஆரம்பித்ததும் மெஷின் இருப்பதே மறந்துபோய்த் தாலாட்டுப் பாடினார். பிறகு தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வாசலில் மோர் ஊற்றின கதை. பிறகு சின்ன வயதில் நான் தக்காளிக் கூடைக்குள் தூங்கிப்போன கதை. ஒரு பக்கம் முழுக்க ஓடி, டக்கென்று பட்டன் எழும்பி நின்றது. அம்மாவின் குரல் என்று எங்களிடம் இருப்பது அவ்வளவுதான். 1991-இல் அம்மா காலமானார்.

2005-இல் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினோம். முதல் வேலையாக அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தேன். டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் இருக்கிற நீலத் துளைக்கு ஒரு வயர். அவ்வளவுதான் ஏற்பாடு.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஒலி தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஒலி அலையின் உயரத்தை நொடிக்கு இத்தனை முறை என்று அளந்து எண்ணாக எழுதிக்கொள்ளும். ஒவ்வோர் அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். எங்கள் துறைக்கு இது புதிதில்லை. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் வந்தபோது பயிற்சியில் மனப்பாடம் செய்த பாடம் இது: டெலிபோனில் குரலை நொடிக்கு 8,000 முறை அளக்கிறோம், ஒவ்வொன்றும் 8 பிட், ஆக நொடிக்கு 64,000 பிட். சொல்லப்போனால் இந்தக் கலையே டெலிபோன்காரர்கள் வீட்டுப் பிள்ளைதான். குரலை எண்ணாக்கி அனுப்பும் முறையை 1937-இல் யோசித்த அலெக் ரீவ்ஸ் டெலிபோன் கம்பெனி இன்ஜினீயர். ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும், அலையை முழுசாகத் திரும்பப் பெறலாம் என்ற கணக்கோடு பெயர் சேர்ந்திருக்கிற நைக்விஸ்டும் ஷானனும் அமெரிக்க டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள்.

டெலிபோனில் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்புகிறோம். அதனால் 8,000 போதும். பாட்டுக்கு அது போதாது. மனிதக் காது 20,000 வரை கேட்கும். ஆகவே சிடி என்று வந்தபோது நொடிக்கு 44,100 என்று வைத்தார்கள். இதென்ன முழுசும் இல்லாத அரையும் இல்லாத எண் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். காரணம் வேடிக்கையானது. அன்றைக்கு அவ்வளவு எண்களைச் சேர்த்துவைக்க வீடியோ டேப்தான் இருந்தது. வீடியோவில் ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், ஒரு புலத்துக்கு 245 கோடு, நொடிக்கு 60 புலம். பெருக்கிப் பாருங்கள், 44,100. ஐரோப்பிய முறையில் 294 கோடு, 50 புலம். அதையும் 3-ஆல் பெருக்கினால் அதே 44,100. இரண்டுக்கும் ஒத்துவந்த எண் சிடிக்கு நிலைத்துவிட்டது.

ஆனால் ஸ்டுடியோக்காரர்களும் வீடியோக்காரர்களும் 48,000 என்று வைத்துக்கொண்டார்கள். நம்முடைய 8,000-ஐ ஆறால் பெருக்கினால் வருவது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இன்டெல் கொண்டுவந்த ஏசி-97 என்ற முறையில் செய்த சவுண்ட் சிப்களும் அடிப்படையில் 48,000-இல் ஓடுபவைதான். என் கம்ப்யூட்டரில் போர்டோடு ஒட்டியிருந்ததும் அந்த வகை. அதில் சிடி பாட்டைப் போட்டால் 44,100-ஐ உள்ளுக்குள்ளேயே 48,000 ஆக மாற்றிக் கணக்குப் போட்டுத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்தக் கணக்கை மலிவான சாதனங்கள் அவசர அவசரமாகப் போடும். அதனால், “சார், நீங்க 48-லயே பதிவு பண்ணிடுங்க. சிப்புக்கு எது சொந்த பாஷையோ அதுலயே பேசட்டும். மாத்துறதைப் பின்னாடி நிதானமா மாத்திக்கலாம்” என்று ஆபீஸில் கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி ஒருவர் சொன்னார். நல்ல யோசனை. அப்படியே செய்தேன். செய்ததை டைரியிலும் எழுதி வைத்தேன். பிறகு சுத்தமாக மறந்துபோனேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் பேரன் தவழ ஆரம்பித்தான். ஒரு நாள் பார்த்தால் கேசட்டின் நாடா முழுக்க வெளியே, பையன் கழுத்தில் மாலை மாதிரி. பல இடத்தில் கசங்கி, அறுந்து. போனால் போகிறது, கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

2011-இல் அந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகி நின்றது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பதற்றத்தைச் சொல்லி முடியாது. திண்டுக்கல்லில் ஒரு தம்பி மெனக்கெட்டு, முடிந்ததையெல்லாம் மீட்டுத் தந்தார். கல்யாணப் போட்டோக்கள் பாதி போயிருந்தன. அம்மாவின் கோப்பு முழு அளவில் கிடைத்தது. ஆனால் திறந்தால் திறக்கவில்லை.

காரணம், அதன் தலைப்பகுதி சிதைந்திருந்தது. இந்த வகை ஒலிக்கோப்பின் ஆரம்பத்தில் சாதாரணமாக 44 பைட் அளவுக்கு ஒரு சின்ன விவரச்சீட்டு இருக்கும். ஒரு சேனலா இரண்டா, எத்தனை பிட், நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பதெல்லாம் அதில்தான். மூட்டைமேல் ஒட்டிய சீட்டு மாதிரி. சீட்டு கிழிந்துபோனாலும் உள்ளே சரக்கு பத்திரமாக இருக்கிறது. என்ன சரக்கு, எவ்வளவு எடை என்பதை நாமே சொல்ல வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது. தலைப்பு இல்லாத வெறும் எண்களாக உள்ளே இழுத்துக்கொண்டு, விவரத்தை நம்மிடம் கேட்கும். 16 பிட், இரண்டு சேனல் என்று கொடுத்தேன். நொடிக்கு எத்தனை என்ற கட்டத்தில் 44,100 என்று அதுவே போட்டு வைத்திருந்தது. சிடி கணக்கு அதுதானே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அம்மா பேசினார். உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த அழுகையில் எதையும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

பிட்டையோ சேனலையோ தப்பாகக் கொடுத்திருந்தால் வெறும் கொரகொரப்பாகவோ எலிக் கத்தலாகவோ வந்திருக்கும், உடனே திருத்தியிருப்பேன். இது நூற்றுக்கு எட்டுப் பங்குத் தப்பு. நம்பும்படியான தப்பு.

அந்த வருடம் அம்மாவின் இருபதாவது வருடத் திதி. ஆறு சிடி எழுதி, அட்டையில் அம்மா படம் போட்டு, சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். அத்தைமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்கை மட்டும் முகம் சுளித்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணே, இது அம்மா மாதிரி இல்லண்ணே.”

“அம்மா இல்லாம வேற யாரு? கதையெல்லாம் அம்மா கதைதானே?”

“கதை அம்மா கதைதான். குரல் அம்மா குரல் இல்லை. அம்மா இப்படி இழுத்து இழுத்துப் பேசுமா? யாரோ பெரிய உடம்புக்காரம்மா பேசுற மாதிரி இருக்கு. பிள்ளை அழுகைகூட ஏதோ மாதிரி இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதம் பாடுபட்டு மீட்டுக்கொண்டுவந்த பொருள். நாற்பது வருடம் நெருங்க டெலிபோனில் குரலோடேயே வேலை பார்த்தவன். கேசட்டில் அடிக்குரல் நன்றாகப் பதிந்திருக்கிறது, அதனால் கனமாகக் கேட்கிறது என்று நானே ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்:

“இருபது வருசம் ஆச்சுல்ல பாப்பா. உனக்கு அம்மா குரலே மறந்துபோச்சு.”

சபையில் யாரும் எதுவும் பேசவில்லை. தங்கை எழுந்து உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். போகும்போது அவள் பங்கு சிடியை ஜன்னல் திண்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு போன் பண்ணினால் மாப்பிள்ளைதான் எடுப்பார்.

2012 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். அந்த வருடம் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் இருக்காது. கரண்ட் இருக்கிற நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். அம்மாவின் பதிவில் அடியில் ஒரு ‘உம்ம்ம்’ என்ற ரீங்காரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நீக்கிச் சுத்தமான பிரதி ஒன்று எடுத்துத் தங்கைக்குக் கொடுத்தால் சமாதானம் ஆவாள் என்று ஒரு நினைப்பு.

அந்த ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று எந்த லைன்மேனும் சொல்லுவான். எர்த் சரியில்லாத இடத்தில் வீட்டு மின்சாரம் வயருக்குள் புகுந்து முனகுவது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆகவே ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 100, 150-இலும் இருக்கும். அந்த இடங்களைப் பார்த்து வெட்டிவிட்டால் போதும். மென்பொருளில் அலைவரிசைப் படத்தைத் திறந்து பார்த்தேன். 50-இல் ஒன்றுமில்லை. 46-க்குப் பக்கத்தில் ஒரு கூர்முனை. அடுத்தது 92. அதற்கடுத்தது 138.

கரண்ட் 50-இல் கச்சிதமாக நிற்காது, கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். ஆனால் 46-க்கு இறங்கினால் அதற்கு முன்பே ஊர் ஊராக இருட்டாகியிருக்கும். டேப் ஓடிய வேகம் தப்போ என்று யோசித்தேன். அதுவும் பொருந்தவில்லை. அம்மாவைப் பதிவு செய்தது பேட்டரியில், அதில் மின்சார ரீங்காரம் ஏற வழியில்லை. தவிர, அம்மா பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால், கேசட்டின் முனையிலே பதிவே ஆகாத வெற்று நாடா ஓடுகிற சில நொடிகளிலும் ரீங்காரம் அதே 46-இல் இருந்தது. அப்படியானால் அது 2005-இல் என் வீட்டுக் கம்ப்யூட்டர் வயரில் ஏறியது. அதை 46 ஆக்கியது டேப் ரெக்கார்டர் இல்லை. கம்ப்யூட்டரில் நான் கொடுத்த கணக்கு.

50-ஐ 46 ஆல் வகுத்தேன். பிறகு 48,000-ஐ 44,100 ஆல் வகுத்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கை நடுங்கியது.

பரண்மேல் ஏறி 2005 டைரியைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: ‘அம்மா கேசட், கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. 48-ல் பதிவு.’

நொடிக்கு 48,000 என்று எண்ணி வைத்த எண்களை, நொடிக்கு 44,100 மட்டும் எடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மிச்சம் 3,900 அடுத்த நொடிக்குத் தள்ளிப்போகும். அப்படியே தள்ளித் தள்ளி, எல்லாம் மெதுவாகி, எல்லாச் சுருதியும் இறங்கிவிடும். ஆர்மோனியத்தில் கறுப்பு வெள்ளை சேர்த்து எண்ணினால் ஒன்றரைக் கட்டை இறக்கம். சுருதி மட்டும் இறங்கியிருந்தால்கூட அம்மா தணிந்த குரலில் பேசுகிறார் என்று தோன்றியிருக்கும். தொண்டையும் வாயும் குரலுக்குக் கொடுக்கிற சாயலும் சேர்ந்தே இறங்குகிறது. அதனால் காதுக்கு அது பெரிய உடம்புள்ள வேறொரு மனுஷியாகத்தான் படும். தங்கை சொன்னது அப்படியே அதுதான். ‘யாரோ பெரிய உடம்புக்காரம்மா.’

அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்னொரு சாட்சியும் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கோப்பின் நீளம் 33 நிமிடம் 5 நொடி. அறுபது நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிடம்தான். கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், மூன்று நிமிடம் கூடாது. நானே ஆறு சிடியின் அட்டையிலும் 33 நிமிடம் என்று எழுதியிருந்தேன்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. கரண்டும் இல்லை. படுத்துக்கொண்டு யோசித்தேன், எனக்கு ஏன் அந்தக் குரல் தப்பாகத் தெரியவில்லை? அம்மாவின் கடைசி வருடங்களில் நான் அவர் குரலைக் கேட்டது பெரும்பாலும் போனில். 300-லிருந்து 3,400 வரை மட்டும் விடுகிற சன்னமான குழாய் அது. பெண்குரலின் அடிப்படை அதிர்வு சுமார் 200. அது போனில் வருவதே இல்லை. மேலே இருக்கிற மடங்குகளைக் கேட்டுவிட்டு, அடியில் இது இருக்கும் என்று காது தானாக நிரப்பிக்கொள்கிறது. என் மனதில் இருந்த அம்மா குரல், அப்படி நிரப்பிக்கொண்ட குரல். தங்கை மனதில் இருந்தது, ஒரே அறையில் பக்கத்தில் படுத்துக் கேட்ட குரல். அந்த இரண்டு பேரில் யாருக்கு மறந்துபோயிருக்கும்? அதை நான் அவளைப் பார்த்துச் சொன்னேன்.

மறுநாள் திருத்த உட்கார்ந்தேன். முதல் வேலை சுலபம். கோப்பைத் திரும்ப இழுத்து, கட்டத்தில் 48,000 என்று கொடுத்தேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை, சீட்டை மட்டும் மாற்றினேன். நீளம் 30 நிமிடம் 24 நொடி என்று காட்டியது. ரீங்காரம் 50-க்கு வந்து உட்கார்ந்தது. ஒலிக்கவிட்டேன். முதல் வார்த்தையிலேயே அம்மா வந்துவிட்டார். அந்த வேகம், அந்த அவசரம். மண்டிக் கடையிலிருந்து போன் பண்ணின அதே அவசரம்.

இரண்டாவது வேலை கொஞ்சம் நுணுக்கம். தங்கை வீட்டில் இருப்பது சிடி பிளேயர். சிடிக்கு 44,100 மட்டும்தான் தெரியும். இப்போது நிஜமாகவே மாற்றியாக வேண்டும். சீட்டை மாற்றுவது வேறு, இது வேறு. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே டெலிபோன் கம்பங்கள் வரிசையாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கம்பி ஏறி இறங்கி வளைந்து போகிறது. கம்பிதான் ஒலி. கம்பங்கள்தான் சாம்பிள். ஒரு தூரத்துக்கு 160 கம்பம் இருக்கிறது. கம்பியின் வளைவு துளியும் மாறாமல், அதே தூரத்துக்கு 147 கம்பம் நட வேண்டும். 48,000-க்கும் 44,100-க்கும் உள்ள விகிதம் அதுதான். முதல் கம்பமும் 160-ஆவது இடைவெளி முடிகிற இடமும் மட்டும் பழைய இடத்தோடு ஒத்துவரும். நடுவில் உள்ள 146 கம்பமும் புது இடம். ஒவ்வோர் இடத்திலும் கம்பி எவ்வளவு உயரத்தில் போயிருக்கும் என்று கணக்கிட்டு, அந்த உயரத்துக்குக் கம்பம் வெட்ட வேண்டும்.

சோம்பேறி மேஸ்திரி என்ன செய்வார்? பழைய கம்பங்களில் பக்கத்தில் இருக்கிற இரண்டைப் பார்த்து, நேர்க்கோடு போட்டு உயரத்தைச் சொல்லிவிடுவார். கம்பி நேராகவா போகிறது? ஆகவே உச்சக் குரல்கள் மழுங்கும், இல்லாத கீறல் சத்தம் சேரும். நல்ல மேஸ்திரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல கம்பங்களைப் பார்த்து, வளைவு எப்படி வந்திருக்கும் என்று கணித்துச் சொல்லுவார். இன்னொரு வேலையும் அவருக்கு இருக்கிறது. கம்பம் குறைகிறது, ஆகவே குறைந்த கம்பங்களால் தாங்க முடியாத சின்னச் சின்ன நெளிவுகளை, அதாவது 22,050 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை, முன்கூட்டியே வடிகட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் அது வேறு வேஷத்தில் கீழே இறங்கி வரும். சினிமாவில் குதிரை வண்டிச் சக்கரம் பின்பக்கமாகச் சுழல்கிற மாதிரி தெரியுமே, அதே கதை.

ஆடாசிட்டியில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை உண்டு. தடத்தின் வேகத்தை மாற்று என்பது சீட்டை மாற்றுவது. மறு-சாம்பிள் செய் என்பது கம்பத்தை மாற்றி நடுவது. தரத்தை உயர்ந்த அளவில் வைத்து, கரண்ட் போவதற்குள் முடிய வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினேன். சில நிமிடத்தில் முடிந்தது. பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் காதை நான் இனி எவ்வளவு நம்பலாம் என்பது வேறு விஷயம்.

சிடியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்து போனேன். வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “வாங்கண்ணே” என்றாள். ‘அண்ணே’ இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

“பாப்பா, நீ சொன்னதுதான் சரி. நான் கொடுத்தது அம்மா குரல் இல்லை. கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். 48,000, 44,100 எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். “அதெல்லாம் எனக்கு எதுக்குண்ணே, போடுங்க” என்றாள்.

போட்டேன். தாலாட்டு வந்தது. உரித்த வெங்காயம் கையிலேயே இருந்தது. இரண்டாவது அடியில் அவளும் சேர்ந்து முணுமுணுத்தாள். அம்மா மூச்சு வாங்குகிற இடத்தில் அவளும் வாங்கினாள், அம்மா எழுப்புகிற இடத்தில் அவளும் எழுப்பினாள். இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குத் திதி வீட்டிலும் அவள் இதைத்தான் மனதுக்குள் செய்துபார்த்திருக்க வேண்டும். ஒட்டவில்லை. அதனால்தான் சொல்லியிருக்கிறாள். என்னிடம் மீட்டர் இருந்தது, அதைத் திறந்து பார்க்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

பாட்டு முடிந்து தக்காளிக் கூடைக் கதை வந்தபோது சிரித்துவிட்டாள். “காபி போடட்டுமாண்ணே?” என்றாள். வெங்காயத்தால் கண் எரிகிறது என்று இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம்.

மற்ற ஐந்து சிடியையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டிலும், தங்கை சொன்னதுதான் சரி என்பதையும் சொன்னேன். சபையில் சொன்னதைச் சபையில்தானே திருப்பி எடுக்க வேண்டும்.

இப்படிப் பழைய கேசட் வைத்திருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். பட்ட அனுபவத்தில் சிலது சொல்கிறேன். கேசட்டை ஏற்றும்போது 48,000-க்குக் குறையாமல் ஏற்றுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தது அதையும், முடிந்தால் 96,000-ஐயும், 24 பிட்டோடு பரிந்துரைக்கிறது. முதல் பதிவை மாற்றாமல் தனியாக வையுங்கள். சிடிக்கோ செல்போனுக்கோ வேண்டியதை அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து அதில் மாற்றுங்கள். எத்தனை சாம்பிளில் பதிவு செய்தீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். என் டைரி மாதிரி பரண்மேல் போய்விடக் கூடாது. முடிந்தபிறகு நீளத்தைக் கேசட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரீங்காரம் இருந்தால் உடனே நீக்கிவிடாதீர்கள், அது 50-இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் செய்தபிறகு, அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்த யாரையாவது கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவர் இல்லை என்றால், இன்னொரு முறை கணக்கைப் பாருங்கள்.